அரிவாள் செல் நோயுள்ள பிள்ளையின் எடையை யார் பார்ப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜூன் 19, உலக அரிவாள் செல் நோய் நாளையொட்டி வரும் செய்திகளில் எத்தனை பேருக்கு ரத்தப் பரிசோதனை நடந்தது என்ற எண்ணிக்கை தவறாமல் இருக்கும். நோய் உறுதியான பிள்ளை அதன்பின் எடை கூடுகிறதா, உயரமாகிறதா என்பது பெரும்பாலும் இருக்காது. ரத்தச் சிவப்பணு அரிவாள் போல வளைந்து சீக்கிரம் உடையும் இந்தப் பரம்பரை நோயில் மருந்துக்குச் சமமாக உணவையும் கவனிக்க வேண்டும் என்பதால் இந்தக் கடிதம்.

நீலகிரிக்கும் இந்த நோய்க்கும் உள்ள தொடர்பு பழையது. தென்னிந்தியாவில் இந்த நோய்க்கான மரபணு இருப்பதை 1952-இல் லேமன், கட்புஷ் என்ற இரு ஆய்வாளர்கள் எழுதியது நீலகிரிப் பழங்குடி மக்களின் ரத்த மாதிரிகளைப் பார்த்துத்தான். எழுபது ஆண்டுகள் கழித்து, 2023 ஜூலை 1 அன்று மத்தியப் பிரதேசத்தின் ஷாடோலில் தேசிய ஒழிப்பு இயக்கம் தொடங்கப்பட்டது. 40 வயது வரையுள்ள 7 கோடிப் பேரைப் பரிசோதிப்பது, 2047-க்குள் நோயை ஒழிப்பது என்று இலக்கு வைத்திருக்கிறார்கள். வரவேற்க வேண்டிய முயற்சி. ஆனால் இன்று ஏழு வயதில் நோயோடு இருக்கும் பிள்ளைக்கு 2047 வரை பொறுக்க நேரமில்லை.

இந்தப் பிள்ளைகள் மெலிவதற்கு வீட்டு வறுமை மட்டும் காரணமல்ல. நல்ல சிவப்பணு சுமார் 120 நாள் இருக்கும். அரிவாள் போல வளையும் அணு 10 முதல் 20 நாளில் உடைந்துவிடும். அந்த இழப்பை ஈடுகட்ட, ரத்த அணுக்களை உண்டாக்கும் எலும்பு மஜ்ஜை ஓயாமல் வேலை செய்கிறது. ரத்தம் குறைந்திருப்பதால் இதயமும் கூடுதலாக உழைக்கிறது. சும்மா படுத்திருக்கும்போதுகூட இவர்களின் உடல் செலவழிக்கும் ஆற்றல் மற்ற பிள்ளைகளைவிட 10 முதல் 20 விழுக்காடு வரை அதிகம் என்று ஜமைக்காவிலும் அமெரிக்காவிலும் அளந்து காட்டியிருக்கிறார்கள். காய்ச்சலோ வலியோ வந்தால் தேவை இன்னும் ஏறும். பசியோ அதே நாட்களில்தான் அற்றுப்போகும். அண்ணன் தம்பிக்குப் போதுமான அதே தட்டு இந்தப் பிள்ளைக்குப் பற்றாமல் போவது இதனால்தான். "நல்லாத்தான் சாப்பிடுறான், உடம்புல ஒட்டமாட்டேங்குது" என்று தாய்மார் சொன்னால் அதை நம்ப வேண்டும்.

ஊட்டச்சத்துக் குறைபாட்டுக்கான நம் ஏற்பாடுகள் பெரும்பாலும் சின்னக் குழந்தைகளுக்கானவை. மேல்கைச் சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் கடுமையான குறைபாடு என்ற அளவு 6 மாதம் முதல் 5 வயது வரைதான் பொருந்தும். தமிழக அரசின் 'ஊட்டச்சத்தை உறுதி செய்' திட்டம் 2022 மே மாதம் நீலகிரியிலேயே தொடங்கி வைக்கப்பட்டது. அதுவும் ஆறு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு. அரிவாள் செல் நோயில் மெலிவு பள்ளி வயதில் கூடிக்கொண்டே போகும், பருவமடைதலும் தள்ளிப்போகும். அந்த வயதில் அங்கன்வாடியின் பொறுப்பு முடிந்திருக்கும். மருத்துவமனையில் வலிக்கும் காய்ச்சலுக்கும்தான் சீட்டு எழுதப்படும். மெலிவுக்காக மட்டும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போக ஓர் இடம் இல்லை.

இந்த வயதினரையே எடுத்துக்கொண்ட ஓர் ஆய்வு வடக்கு நைஜீரியாவில் நடந்து 2023-இல் வெளியானது. 5 முதல் 12 வயது வரையுள்ள, இந்த நோயுள்ள 3,190 பிள்ளைகளைப் பார்த்து, மிகக் கடுமையாக மெலிந்திருந்த 110 பேரைச் சேர்த்தார்கள். உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் உடல் நிறைக் குறியீட்டில், அந்த வயதின் சராசரியைவிட மூன்று திட்டவிலக்கத்துக்கும் கீழே, அதாவது மைனஸ் 3-க்கும் கீழே இருந்தவர்கள் அவர்கள். மருத்துவமனையில் படுக்க வைக்காமல், நிலக்கடலை விழுது, பால்பொடி, எண்ணெய், சர்க்கரை, நுண்சத்துகள் கலந்த சிகிச்சை உணவை எல்லோருக்கும் 12 வாரம் வீட்டுக்கே கொடுத்தார்கள். பாதிப் பேருக்குக் கூடவே, அணுக்கள் வளைவதைக் குறைக்கும் ஹைட்ராக்ஸியூரியா மருந்து, தினம் கிலோவுக்கு 20 மில்லிகிராம். யாரும் இடையில் விலகவில்லை. நீண்ட நாள் பட்டினிக்குப் பின் திடீரென உணவு ஏறும்போது ரத்தத்தில் உப்புகள் குலைந்துபோகும் ஆபத்து ஒரு பிள்ளைக்கும் வரவில்லை. மருந்தால் மஜ்ஜையின் அணு உற்பத்தி அடங்கிப்போகவும் இல்லை. முடிவில் 39 விழுக்காட்டினர் அந்த மைனஸ் 3 கோட்டைத் தாண்டி மேலே வந்தார்கள்.

இதை அளவுக்கு மீறிப் புகழக் கூடாது. உணவு கொடுக்காத ஒப்பீட்டுக் குழு அதில் இல்லை. செய்ய முடியுமா, பாதுகாப்பானதா என்று பார்க்கும் முதற்கட்ட ஆய்வு அது. பத்தில் ஆறு பேர் கோட்டுக்குக் கீழேயே இருந்தார்கள் என்பதால் 12 வாரம் போதாது என்றும் தெரிகிறது. எங்களுக்கு அதில் முக்கியமாகப் படுவது வேறு: மெலிந்த பிள்ளைக்கு ஹைட்ராக்ஸியூரியா கொடுத்தால் தாங்காது என்ற அச்சத்தில் மருந்தைத் தள்ளிப்போடுவதற்கு அந்த முடிவுகள் ஆதரவு தரவில்லை. அளவாக, ரத்த அணு எண்ணிக்கையைப் பார்த்துப் பார்த்துக் கொடுத்தால் மெலிந்த பிள்ளையும் தாங்குகிறது.

அளவு என்று வரும்போது எடை மறுபடி முன்னே வருகிறது. 12 கிலோ பிள்ளைக்குக் கிலோவுக்கு 20 மில்லிகிராம் என்றால் 240 மில்லிகிராம். கடையில் சாதாரணமாகக் கிடைப்பது 500 மில்லிகிராம் காப்ஸ்யூல். வீட்டில் காப்ஸ்யூலைப் பிரித்து, கண்மட்டாகப் பாதியைக் கொட்டிக் கொடுப்பது சரியான வழி அல்ல. குறைந்த அளவு மாத்திரையோ மருந்தகத்தில் அளந்து தயாரித்த திரவமோ வேண்டும். ஆறு மாதத்துக்கு முந்தைய எடையை வைத்தே சீட்டைப் புதுப்பித்துக்கொண்டு போனால், வளர்ந்த பிள்ளைக்கு மருந்து குறையும், மெலிந்த பிள்ளைக்குக் கூடிவிடும்.

எடை பார்ப்பதிலும் கவனம் தேவை. மண்ணீரல் வீங்கிய பிள்ளைக்கு வயிற்றின் கனமும் சேர்ந்து எடையாகக் காட்டும். கையும் தொடையும் மெலிந்திருப்பது எண்ணில் மறைந்துபோகும். அதனால் மேல்கைச் சுற்றளவையும் சேர்த்து எழுதி, பள்ளி வயதில் அதே பிள்ளையின் முந்தைய அளவோடு ஒப்பிட வேண்டும். வலி வந்து போன வாரத்தில் எடுத்த எடையை வைத்து மட்டும் முடிவுக்கு வரக் கூடாது. உயரம் நின்றுபோன பிள்ளை குட்டையும் ஒல்லியுமாகப் பொருத்தமாகவே தெரியும். வயதை வைத்துப் பார்த்தால்தான் குறை தெரியும்.

அடுத்து இரும்புச் சத்து. ஹீமோகுளோபின் 7, 8 என்று இருந்தால் உடனே இரும்புச் சத்து மாத்திரையை இரட்டிப்பாக்குவது வழக்கமாகிவிட்டது. அரிவாள் செல் நோயுள்ள பல பிள்ளைகளுக்கு 7 முதல் 9 வரைதான் வழக்கமான அளவு. உடைந்த அணுக்களின் இரும்பு உடலிலேயே தங்குகிறது. பலமுறை ரத்தம் ஏற்றியிருந்தால் இன்னும் சேரும். அதற்காக, எந்தப் பிள்ளைக்கும் இரும்பு வேண்டாம் என்பதும் தவறு. ரத்தமே ஏற்றாத, கொக்கிப்புழு உள்ள பிள்ளைக்கு உண்மையான இரும்புக் குறைபாடும் கூடவே இருக்கலாம். உடலில் சேமிப்பிலுள்ள இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் என்ற ரத்தப் பரிசோதனையைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். காய்ச்சலிலும் வலியிலும் ஃபெரிட்டின் தானாக ஏறும், எனவே உடம்பு தேறிச் சில வாரம் கழித்துப் பார்க்க வேண்டும். பிள்ளை நலமாக இருக்கும் நாளின் ஹீமோகுளோபின் அளவை அரிவாள் செல் அட்டையில் பெரிதாக எழுதி வைத்தால், இரவில் அவசரப் பிரிவுக்கு வரும்போது 7 என்பது புதிய சரிவா, வழக்கமா என்று பணி மருத்துவர் உடனே முடிவு செய்யலாம். ஃபோலிக் அமிலம் வேறு கதை: புதிய அணு செய்ய அது செலவாகிக்கொண்டே இருப்பதால் மருத்துவர் சொன்ன அளவில் தினமும் வேண்டும்.

துத்தநாகம் பற்றியும் ஒரு சொல். அமெரிக்காவில் 4 முதல் 10 வயதுப் பிள்ளைகளுக்கு ஓராண்டு தினம் 10 மில்லிகிராம் கொடுத்தபோது உயரம் கூடுதலாக வளர்ந்ததாக 2002-இல் ஆய்வு வந்தது. உகாண்டாவில் அதே அளவை இன்னும் சிறிய குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில் கடுமையான தொற்றுகள் குறையவில்லை. வளர்ச்சிக்கு உதவலாம், தொற்றைத் தடுக்கும் என்று நம்ப வேண்டாம் என்பதே இன்றைய நிலை. சமையலில் பயறை முளைகட்டினாலும் மாவைப் புளிக்க வைத்தாலும் தானியத்திலுள்ள துத்தநாகம் உடலில் சேர்வது கூடும்.

மிக ஆபத்தான குழப்பம் தண்ணீரில் வருகிறது. இந்த நோயில் சிறுநீரகம் சிறுநீரைச் செறிவாக்க முடியாமல் நீரை இழந்துகொண்டே இருக்கும். நீர் குறைந்தால் அணுக்கள் வளைந்து வலி வரும். அதனால் வலியோடு வரும் பிள்ளைக்கு நீர் தாராளமாகக் கொடுக்கச் சொல்வார்கள். கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாட்டுக்கான நெறிமுறையோ இதற்கு நேர் எதிர்: இதயம் பலவீனமாக இருப்பதால் அளந்து, மெல்ல, வாய்வழியாக, ரத்தநாளம் வழியாக ஏற்றும் நீர், ரத்த ஓட்டம் சரிந்த அதிர்ச்சி நிலையில் மட்டும். இரண்டும் சேர்ந்த பிள்ளை வார்டுக்கு வந்தால் ஏதோ ஒரு நெறிமுறையை மட்டும் பிடித்துக்கொள்வதுதான் பெரும் தவறு. வாய்வழி நீரைச் சிறுகச் சிறுக, நிறுத்தாமல் கொடுத்து, மூச்சு எண்ணிக்கை, நாடித் துடிப்பு, கல்லீரல் வீக்கம் மூன்றையும் அடிக்கடி பார்க்க வேண்டும். இந்த இரட்டை நிலைக்கென ஒரு பக்கத்தில் தமிழில் எழுதிய வழிகாட்டு முறை நீலகிரி, கோவை, ஈரோடு மருத்துவமனைகளின் குழந்தைகள் வார்டுகளில் இருக்க வேண்டும்.

வீட்டில் நலமாக இருக்கும் 20 கிலோ பிள்ளைக்குத் தினம் ஒன்றரை லிட்டர் தண்ணீராவது தேவை. வகுப்பில் தண்ணீர் பாட்டில் வைத்துக்கொள்ளவும், கேட்டவுடன் சிறுநீர் கழிக்கப் போகவும் ஆசிரியர்கள் விட வேண்டும். நீலகிரிக் குளிரும் வலியைத் தூண்டும். ஈர உடையோடு உட்கார விடக் கூடாது.

உணவுக்குப் பெரிய செலவு இல்லை. 7 முதல் 9 வயதுப் பிள்ளைக்கு நாளுக்கு 1,700 கலோரி என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்கு. கூடுதலாக வேண்டிய 250 கலோரி ஒரு கைப்பிடி, அதாவது 30 கிராம், வறுத்த நிலக்கடலையிலும் சோற்றில் ஊற்றும் இரண்டு சின்னக் கரண்டி எண்ணெயிலும் கிடைத்துவிடும். மேலே ஒரு முட்டை. சாப்பாட்டுக்கு முன் வயிற்றை நிரப்பும் கட்டஞ்சாயாவை (பால் சேர்க்காத தேநீரை) நிறுத்தினாலே பசி திரும்பும்.

காலை உணவுத் திட்டமும் சத்துணவு முட்டையும் இந்தப் பிள்ளைகளுக்குப் பெரிய துணை. ஆனால் அவை பள்ளிக்கு வந்தவர்களுக்கு. வலி வந்து ஒரு வாரம் வீட்டில் கிடக்கும் பிள்ளைக்கு அந்த வாரத்தின் ஐந்து முட்டையும் காலை உணவும் போய்விடுகின்றன. தேவை உச்சத்தில் இருக்கும் வாரம் அதுதான். நோய் உறுதியான பிள்ளை வராத நாட்களின் பங்கை முட்டையாகவும் கடலை, சத்துமாவாகவும் வீட்டுக்குக் கொடுத்தனுப்ப ஓர் அரசாணை போதும்.

பள்ளி, அங்கன்வாடிகளுக்குச் செல்லும் ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய காரியக்ரம் (தேசியக் குழந்தைகள் நலத் திட்டம்) மருத்துவக் குழுக்கள் 18 வயது வரை உள்ளவர்களின் எடை, உயரத்தை ஏற்கெனவே எடுக்கின்றன. நோயுள்ள பிள்ளைகளுக்கு மட்டும் ஆண்டுக்கு ஒருமுறை என்பதை மூன்று மாதத்துக்கு ஒருமுறையாக்கி, அந்த எண்களை அரிவாள் செல் அட்டையிலேயே எழுதினால் ஓராண்டில் ஓர் ஆய்வுக்கான தரவே சேர்ந்துவிடும். அது நமக்கு அவசியம். இந்தியப் பழங்குடி மக்களிடம் காணப்படும் வகையில் அணு வளைவதைத் தடுக்கும் கருக்கால ஹீமோகுளோபின் (கருவில் இருக்கும்போது உருவாகும் வகை) பிறந்த பிறகும் கூடுதலாக நீடிப்பதால் நோயின் போக்கு ஆப்பிரிக்காவில் உள்ளதைப் போல அப்படியே இருக்காது. நைஜீரியாவின் எண்களை வைத்துக் கூடலூர் பிள்ளைக்குத் திட்டம் போட முடியாது. பந்தலூர், கூடலூர், கோத்தகிரி பிள்ளைகளின் எண்களே வேண்டும். ஆறு வயதைத் தாண்டிய, நோய் உறுதியான, மைனஸ் 3-க்குக் கீழே இருக்கும் பிள்ளைகளுக்குச் சிகிச்சை உணவை நீட்டிப்பதை அதற்காகக் காத்திருக்காமல் இந்தக் கல்வியாண்டிலேயே தொடங்குமாறு சுகாதாரத் துறையையும் சமூக நலத் துறையையும் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
குழந்தைகள் நலம், ஊட்டச்சத்துத் துறைகளில் பணிபுரிவோர்,
நீலகிரி மாவட்டம்