கிளிப் போட்ட பிள்ளைக்குக் கஞ்சி மட்டும்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு,

காலாண்டு விடுமுறையில் பல்லுக்குக் கிளிப் போட்டுக்கொண்ட பிள்ளைகள் பலருக்கு இது முதல் தீபாவளி. கிளிப் போட்டதும் பல கிளினிக்குகளில் கையில் கொடுக்கும் தாளில் பாப்கார்ன், டாஃபி, பீட்சா ஓரம் கூடாது என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்கும். முறுக்கும் சீடையும் முருங்கைக்காயும் அதில் இருக்காது. நம் வீடுகளில் கிளிப்பைப் பெயர்ப்பவை இவைதான். அந்தத் தாளைத் தமிழில், நம் அடுப்படிக்குத் தக்கபடி எழுதித் தரவேண்டும் என்று சக பல் மருத்துவர்களைக் கேட்டுக்கொள்கிறோம். அதில் இருக்கவேண்டியவை சிலவற்றைப் பெற்றோருக்காக இங்கே எழுதுகிறோம்.

கிளிப் போட்டவுடன் வலிக்காது. நாலைந்து மணி நேரம் கழித்துத் தொடங்கும், மறுநாள்தான் அதிகம். மூன்றாம் நாள் தணிய ஆரம்பித்து, ஒரு வாரத்தில் பெரும்பாலும் போய்விடும். பல்லின் வேரையும் எலும்பையும் இணைக்கும் மெல்லிய நார்ப்படலம் கம்பியின் அழுத்தத்தில் ஒரு பக்கம் நசுங்குவதால் வருகிற வலி இது. பல் லேசாக ஆடுவதுபோல் இருக்கும், பயப்பட வேண்டாம். போட்ட அன்று வலி தொடங்கும் முன்பே பிள்ளையை வயிறாரச் சாப்பிட வைத்துவிடுங்கள். மாதாமாதம் கம்பியை மாற்றும்போதும் இதே கதைதான், ஆனால் இரண்டு நாளோடு போய்விடும்.

முதல் மூன்று நாளும் வெறும் கஞ்சி ஊற்றிப் பிள்ளையை வாட விடாதீர்கள். 1 டம்ளர் அரிசிக்கு 4 டம்ளர் தண்ணீர் வைத்துக் குழைய வடித்த சோற்றில் பருப்பும் நெய்யும் விட்டு மசித்தால் மெல்லவே வேண்டாம். சாம்பாரில் ஊறிய இட்லி, தேங்காய்ப்பால் விட்ட இடியாப்பம், ஆப்பத்தின் நடுப்பகுதி, கீரை மசியல், அவித்த முட்டை, முள் எடுத்த மீன், தயிர், பப்பாளி எல்லாம் கொடுக்கலாம். காரமும் புளியும் கிளிப் உரசிய கன்னத்துப் புண்ணில் பட்டால் எரியும் என்பதால் ரசத்தைக்கூட அந்த வாரம் காரம் புளி குறைத்து வையுங்கள். முதலில் கட்டும் நிக்கல்-டைட்டானியம் கம்பிகளில் ஒரு வகை, குளிர்ச்சியில் சற்றுத் தளர்ந்து சூட்டில் இறுகும். அதனால்தான் குளிர்ந்த மோர் இதமாக இருக்கிறது, சூடான காபி சுருக்கென்கிறது. ஐஸ் கட்டியை மட்டும் கடிக்கக் கூடாது.

பொங்கலும் உப்புமாவும் மெத்தென்று இருப்பதால் யாரும் சந்தேகப்படுவதில்லை. அவற்றின் தாளிப்பில் இருக்கிறது ஆபத்து. மென்மையான கவளம் என்று நம்பிப் பலமாகக் கடிக்கும்போது, எண்ணெயில் வறுபட்ட ஒரே ஒரு கடலைப் பருப்பு கீழ்க் கடைவாய்ப் பல்லில் கம்பியைத் தாங்க ஒட்டியிருக்கும் சிறு துண்டான பிராக்கெட்டில் போய் முட்டும். கடித்த வேகம் முழுவதும் மூன்று நான்கு மில்லிமீட்டர் அகலமே உள்ள பசையில் இறங்கும். பிராக்கெட் பெயர்ந்து கம்பியில் ஊசலாடும். பசை ஏன் இன்னும் பலமாக இல்லை என்று பெற்றோர் கேட்பது நியாயமே. சிகிச்சை முடிந்ததும் எனாமலுக்குச் சேதமில்லாமல் கழற்றவேண்டும் என்பதற்காக அளவோடு ஒட்டுகிறோம். தாளித்த எண்ணெயை வடிகட்டி ஊற்றினால் மணமும் கிடைக்கும், மிளகும் பருப்பும் ஒதுங்கிவிடும். கம்பியைச் சுற்றிக்கொள்ளும் கறிவேப்பிலையும் அதோடு போகும்.

முன்பல்லால் கடித்து இழுப்பது எதுவாயினும் வேண்டாம்: முருங்கைக்காய், கரும்பு, கொய்யா, எலும்புக்கறி. முருங்கையின் சதையைக் கரண்டியால் வழித்துக் கொடுங்கள். பழங்களை நகத்தளவு நறுக்கிக் கடைவாயில் வைத்து மெல்லச் சொல்லுங்கள். கடைவாய்ப் பல்லின் மேல் நீலநிறப் பசை மேடு வைத்திருந்தால் பின்பற்கள் ஒன்றையொன்று தொடாது. மெல்ல முடியாமல் பிள்ளை அப்படியே விழுங்கும். பழகும்வரை சோற்றை மசித்தே கொடுக்கவேண்டும்.

முறுக்கைப் பாலில் ஊறவைத்துக் கொடுப்பவர்கள் உண்டு. மேலே ஊறினாலும் நடுவில் கடினம் மிஞ்சும், வேண்டாம். கடலை மிட்டாய், பொருள்விளங்கா உருண்டை பக்கமே போகக் கூடாது. முந்திரி போடாத ரவா லட்டு, வாயில் கரையும் மைசூர்பாகு தரலாம், ஆனால் சாப்பாட்டோடு ஒரே வேளையாக. அவ்வப்போது கொறித்தால் பிராக்கெட்டைச் சுற்றிச் சர்க்கரை தங்கி, நான்கே வாரத்தில்கூட எனாமலில் வெள்ளைத் திட்டு விழும். கிளிப்பைக் கழற்றிய பிறகும் அது எளிதில் மறையாது. எங்களை மிகவும் வருத்துவது இதுதான்.

கம்பியைப் பிராக்கெட்டோடு கட்டும் கண்ணாடி நிற ரப்பர் வளையம் நம் சாம்பாரின் மஞ்சளுக்குச் சில நாளிலேயே நிறம் மாறிவிடும். அது அழுக்கில்லை, தேய்த்தாலும் போகாது. சாம்பல் நிறமோ கருநீலமோ கேட்டு வாங்குங்கள்.

கன்னத்தில் உரசினால் அந்தப் பிராக்கெட்டைப் பஞ்சால் ஈரம் போகத் துடைத்து, கிளிப்புக்கென்றே உள்ள மெழுகைப் பட்டாணியளவு உருட்டி அதன்மேல் அமுக்குங்கள். ஈரத்தின்மேல் வைத்தால் நிற்காது. சாப்பிடும் முன் எடுத்துவிடவேண்டும். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரை டீஸ்பூன் உப்புப் போட்டுத் தினம் மூன்று நான்கு முறை கொப்பளிக்கட்டும். வலி தாங்காவிட்டால் மருத்துவர் சொன்ன அளவில் பாராசிட்டமால் போதும். இப்யூபுரூஃபனைத் தொடர்ந்து எடுத்தால் பல் நகர்வதையே அது தாமதப்படுத்தக்கூடும்.

பிராக்கெட் பெயர்ந்தால் பிடித்து இழுக்காமல் மெழுகு வைத்துவிட்டு அன்றே கிளினிக்கில் சொல்லுங்கள். அடுத்த மாதத் தேதிவரை பொறுத்தால் அந்தப் பல் நகராமல் நிற்கும், சிகிச்சையும் நீளும். விழுங்கிவிட்டாலும் பெரும்பாலும் மலத்தோடு போய்விடும். இருமலோ மூச்சுத்திணறலோ இருந்தால் மட்டும் உடனே மருத்துவமனைக்கு ஓடவேண்டும்.

பள்ளி ஆசிரியர்களிடமும் ஒன்று கேட்கிறோம். கிளிப் போட்ட பிள்ளைக்கு மதியச் சாப்பாட்டுக்குக் கூடுதலாகப் பத்து நிமிடமும், முடித்ததும் குழாயடியில் வாய் கொப்பளித்துப் பிரஷ் போட்டுவர அனுமதியும் கொடுங்கள்.

இப்படிக்கு,
பல் சீரமைப்பு மருத்துவர்கள் சிலர்,
மதுரை.