இன்சுலின் விற்கும் மருந்துக் கடைக்காரர்களுக்கு

மதிப்பிற்குரிய மருந்துக் கடை உரிமையாளர்களே, வணக்கம்.

சித்திரை வெயிலில், உச்சிப்பொழுதில், தலைவலி மாத்திரையோடு இன்சுலின் குப்பியையும் ஒரே காகித உறையில் போட்டு நீட்டுகிறீர்கள். வாங்கியவர் அதை ஸ்கூட்டர் இருக்கைக்கு அடியில் வைத்துப் பூட்டிவிட்டு, காய்கறிக் கடை, ரேஷன் கடையெல்லாம் முடித்து வீடு போய்ச் சேருகிறார். மாத்திரை இதைத் தாங்கிக்கொள்ளும். இன்சுலின் தாங்காது.

காரணம், இன்சுலின் ஒரு பாலிபெப்டைடு, அதாவது அமினோ அமிலங்கள் என்னும் சிறு மூலக்கூறுகளைச் சங்கிலியாகக் கோத்த சிறிய புரதம். மொத்தம் 51 அமினோ அமிலங்கள். 21 கொண்ட சங்கிலி ஒன்று, 30 கொண்டது மற்றொன்று. கந்தக அணுக்களாலான இரண்டு டைசல்பைடு பிணைப்புகள் இவற்றைச் சேர்த்துப் பிடித்திருக்கின்றன. எந்த அமிலத்துக்கு அடுத்து எது என்ற வரிசையைக் கண்டறிந்ததற்காகவே ஃபிரெட்ரிக் சாங்கருக்கு 1958-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் வரிசை மட்டும் சரியாக இருந்தால் போதாது. சங்கிலிகள் மடிந்து நிற்கும் வடிவம் செல்லின் மேலுள்ள ஏற்பியில், பூட்டில் சாவிபோல, பொருந்த வேண்டும். பொருந்தினால்தான் தசையும் கொழுப்புத் திசுவும் இரத்தத்திலிருந்து சர்க்கரையை உள்ளே இழுக்கும். கல்லீரலும் தன் பங்குக்குச் சர்க்கரையைக் கொட்டுவதைக் குறைக்கும்.

வெப்பமும் குலுக்கலும் அந்த மடிப்பைக் குலைக்கின்றன. விரிந்த சங்கிலிகள் ஒன்றோடொன்று ஒட்டி நார்நாராகின்றன. அப்புறம் குளிரில் வைத்துப் பயனில்லை. வெந்த முட்டை மறுபடி பச்சை முட்டையாகுமா? உறைந்தாலும் கெடும். ஐஸ் கட்டியோடு ஒட்டிக் கட்டிக் கொடுப்பதும், ஃப்ரீசரை ஒட்டிய தட்டில் அடுக்குவதும் அக்கறையோடு செய்யும் கெடுதல்.

தெளிவாக இருக்க வேண்டிய மருந்து கலங்கியிருந்தால் கண்ணுக்குத் தெரியும். வீரியம் குறைந்தது தெரியாது. பழி நோயாளி தலையில்தான் விழுகிறது. 'சோற்றைக் குறைக்கவில்லையா?' என்று வீட்டில் திட்டு விழும். மருத்துவர் அளவைக் கூட்டுவார். அடுத்த குப்பி நன்றாக இருந்துவிட்டால் அதே கூட்டிய அளவு சர்க்கரையை அடிமட்டத்துக்கு இறக்கி, ஆளையே மயக்கத்தில் தள்ளிவிடலாம். நான் பயப்படுவது இதற்குத்தான்.

இரவு ஷட்டரை இறக்கும்போது மெயின் சுவிட்சையும் அணைக்கிற கடைகள் இருக்கின்றன. மின்கட்டணத்தில் மிச்சம் பிடிக்க வேறு வழியா இல்லை? திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரி செல்சியசுக்குள் இருக்க வேண்டும் என்று பெட்டியிலேயே அச்சிட்டிருக்கிறது. குளிர்பானத்தோடு சேர்த்து வைத்து நிமிடத்துக்கொரு முறை கதவைத் திறந்தால் அந்த அளவு எப்படி நிற்கும்?

விற்கும்போது ஐஸ் பேக்கைத் துணியில் சுற்றி, குப்பியைத் தொடாதபடி வைத்துக் கொடுங்கள். வண்டியில் வைத்துவிட்டு வேறெங்கும் போகவேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். வீட்டில் ஃப்ரிட்ஜ் இல்லை என்று தயங்குகிறவரிடம், ஈரமணலில் வைத்த மண்பானை வழியைச் சொல்லித் தாருங்கள். உங்கள் ஃப்ரிட்ஜுக்குள் வெப்பமானி இல்லையென்றால், அதை வாங்கி வைக்கும்வரை இன்சுலின் விற்காதீர்கள்.

இப்படிக்கு,
தினமும் ஊசி போட்டுக்கொள்ளும் ஒரு வாடிக்கையாளர்