பழகிவிட்டது என்று சொல்கிறாயே

அன்புள்ள பாப்பாவுக்கு,

ரோட்டைப் பார்த்த அறையிலேயே படுத்துக்கொள்கிறேன், சத்தம் பழகிவிட்டது என்று போனில் சொன்னாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உன்னோடு தங்கியிருந்தபோது கவனித்தேன். லாரி ஹாரன் அடித்தால் பாதிப் பேச்சில் நிறுத்துகிறாய். ஓய்ந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடராமல் "சரி, விடும்மா" என்கிறாய். என்னிடம் சொல்ல வந்தது எத்தனையோ அப்படியே போயிற்று.

வகுப்பெடுத்தவள் என்பதால் நியூயார்க் பள்ளி ஒன்றை என்னால் மறக்க முடியவில்லை. மேலே ரயில் ஓடும் பாதையை ஒட்டிய பள்ளி அது. ரயில் பக்கத்து வகுப்புப் பிள்ளைகள், மறுபக்கத்துப் பிள்ளைகளைவிட வாசிப்பில் பின்தங்கியிருந்ததை ஆர்லீன் பிரான்சாஃப்ட் என்ற உளவியலாளர் 1975இல் எழுதினார். ஆறாம் வகுப்பில் அந்த இடைவெளி கிட்டத்தட்ட ஓராண்டு. தண்டவாளத்தில் ரப்பர் பட்டையும் வகுப்புக் கூரையில் ஒலி உறிஞ்சும் தட்டியும் வைத்த பிறகு அது மறைந்துவிட்டது. அந்தப் பிள்ளைகளும் பழகிவிட்டது என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

அமெரிக்காவிலேயே டேவிட் கிளாஸ், ஜெரோம் சிங்கர் என்ற இருவர் செய்த சோதனை உன் விஷயத்துக்கு இன்னும் நெருக்கம். எப்போது வரும் என்று தெரியாத பெருஞ்சத்தத்தின் நடுவே ஆட்களை வேலை செய்ய வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் எல்லோரும் சமாளித்துக்கொண்டார்கள். சத்தம் நின்ற பின்புதான் சோர்வு தெரிந்தது: கடினமான புதிரைச் சீக்கிரமே கைவிட்டார்கள், பிழை திருத்தும்போது தவறவிட்டார்கள். வேண்டாமென்றால் நிறுத்திக்கொள்ள ஒரு பொத்தான் தரப்பட்டவர்கள் மட்டும் அவ்வளவு சோரவில்லை. இத்தனைக்கும் அதை அழுத்தியவர்கள் மிகக் குறைவு!

நம் வீடும் ஒன்றும் அமைதியானதல்ல. குக்கர் விசில், அப்பாவின் ரேடியோ, பக்கத்து வீட்டு அக்கா துணி அடித்துத் துவைக்கும் சத்தம். அதற்குள்ளேயே பரீட்சைக்குப் படித்தாய், நன்றாகவும் தூங்கினாய். எது யாருடைய சத்தம் என்று உனக்குத் தெரியும், பக்கத்தில் ஆள் இருக்கிறது என்ற தெம்பும் இருந்தது. இப்போது டிவியை ஓடவிட்டபடி தூங்குகிறாயே, அந்தக் குரல்களையாவது நீயே போடுகிறாய், வேண்டாமென்றால் நீயே நிறுத்தலாம். அதற்காக நான் கோபிக்க மாட்டேன்.

ஆனால் கட்டில் அந்த ஜன்னலடியில் இருக்க வேண்டாம். குடியிருப்புப் பகுதியில் இரவு 45 டெசிபல்தான் வரம்பு என்று 2000ஆம் ஆண்டு விதி சொல்கிறது. லாரிக்காரருக்கு அது எங்கே தெரியப்போகிறது? பின்பக்க அறை சின்னதுதான், பரவாயில்லை. அலமாரியை முன்னறைக்குத் தள்ளினால் கட்டிலுக்கு இடம் வரும். ஞாயிற்றுக்கிழமை அப்பா வருகிறார், கட்டிலைக் கழற்ற ஸ்பேனர் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். அலமாரியை மட்டும் அதற்குள் காலி செய்து வை.

அம்மா