புயல் நாளில் கதவை நீங்களே மூடுங்கள்

சென்னையில் கிளை வைத்திருக்கும் சிங்கப்பூர் நிறுவனங்களின் முதலாளிகளுக்கும் மேலாளர்களுக்கும்,

வணக்கம்.

நான் இங்கே ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். என் குழுவில் பாதிப் பேர் சென்னையில் இருக்கிறார்கள். உங்களில் பலருக்கும் இதே ஏற்பாடுதான் என்பதால் இதை எழுதுகிறேன்.

2023 டிசம்பர் 4, திங்கட்கிழமை. மிக்ஜாம் புயல் மறுநாள்தான் ஆந்திராவில் பாபட்லா அருகே கரையைக் கடந்தது. ஆனால் கடலில் இருந்தபடியே அது சென்னையை மூழ்கடித்துவிட்டது. விமான நிலையத்தின் ஓடுபாதையே தண்ணீரில் கிடந்தது. சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு ஆகிய நான்கு மாவட்டங்களுக்கும் தமிழக அரசு முன்கூட்டியே விடுமுறை அறிவித்திருந்தது. தனியார் நிறுவனங்கள் வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதிக்கும்படியும் கேட்டுக்கொண்டது. எங்கள் மேலிடம் கூடிப் பேசி, "முடிந்தவர்கள் வீட்டிலிருந்து செய்யட்டும், கரண்ட் இல்லாதவர்கள் பார்த்து ஆபீசுக்கு வரட்டும்" என்று சொன்னது. மாதக் கணக்கு முடிக்கும் நேரம். அந்தச் செய்தியைக் குழுவுக்கு அனுப்பியவள் நான். "முடிந்தால் மட்டும் பாருங்கம்மா" என்று ஒரு வரியும் சேர்த்தேன். அதில் கனிவு இருப்பதாக நினைத்தேன்.

சென்னை பள்ளிக்கரணையில் இருக்கும் ஒரு பெண், வேலைக்குச் சேர்ந்து ஏழு மாதம் ஆனவள், லேப்டாப்பை இரண்டு பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு ஸ்கூட்டரில் கிளம்பியிருக்கிறாள். வீட்டில் விடியற்காலையிலேயே கரண்ட் போய்விட்டது. பாதி வழியில் வண்டி நின்றுவிட, இடுப்பளவு தண்ணீரில் ஒரு கடையின் ஷட்டரைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். அங்கிருந்து அவள் எனக்கு அனுப்பிய செய்தி: "அக்கா, வண்டி நின்னுடுச்சு. கொஞ்சம் லேட் ஆகும். ஸாரிக்கா."

அவளை அப்பா வந்து கூட்டிப்போனார். நல்லபடியாக வீடு சேர்ந்தாள். ஆனால் அந்த 'ஸாரி' எனக்கு இன்னும் ஆறவில்லை. அதே நாளில் வேளச்சேரியில் கட்டுமானத்துக்காகத் தோண்டிய பெரும்பள்ளம் சரிந்து, அதில் சிக்கிய இரண்டு பேரின் உடல்கள் சில நாள் கழித்துத்தான் மீட்கப்பட்டன. அவர்களும் வேலை நிமித்தம் அங்கே இருந்தவர்கள்தான்.

சிங்கப்பூரில் நமக்குப் புயல் என்றால் என்னவென்று தெரியாமல் போனதில் நம் தவறு எதுவும் இல்லை. நிலநடுக்கோட்டுக்கு ஒன்றரைப் பாகைகூடத் தள்ளி இல்லாத இடம் இது. இத்தனை அருகில் காற்று சுழன்று புயலாவது அபூர்வம். 2001 டிசம்பர் 27 அன்று பக்கத்து ஜொகூரில் கரையேறிய வாமெய் புயலை இன்றும் வானிலையாளர்கள் விதிவிலக்காகத்தான் பேசுகிறார்கள். நமக்குப் பழகியது விடியற்காலையில் வரும் சுமத்ரா காற்று. கொட்டித் தீர்த்துவிட்டு ஓரிரு மணி நேரத்தில் போய்விடும், நாமும் குடையை மடக்கிக்கொண்டு எம்ஆர்டி ரயில் ஏறிவிடுவோம். அதனால் சென்னையில் புயல் என்று கேட்டாலும் நம் மனசு "மழைதானே" என்றுதான் நினைக்கிறது.

ஆனால் நமக்குத் தெரிந்த ஒன்று இருக்கிறது. மின்னல் எச்சரிக்கை வந்தால் நீச்சல் குளத்தில் என்ன நடக்கிறது? உயிர்காப்பாளர் விசில் அடிக்கிறார், எல்லாரும் மேலே ஏறுகிறோம். "உங்களுக்குப் பயமாக இருந்தால் மட்டும் ஏறுங்கள்" என்று அவர் சொல்வதில்லை. யார் துணிச்சல்காரர், யார் பயந்தாங்கொள்ளி என்ற பேச்சே அங்கே எழாது. நான் உங்களிடம் கேட்பதும் இவ்வளவுதான். முடிவை ஊழியர் தலையில் வைக்காதீர்கள். சம்பளம் கொடுப்பவர் "முடிந்தால் வாருங்கள்" என்றால், வாங்குபவர் காதில் "வாருங்கள்" மட்டும்தான் விழும். புதிதாகச் சேர்ந்தவருக்கும் வீட்டுக் கடன் கட்டுபவருக்கும் வேறு எப்படி விழும்?

வீட்டிலிருந்து வேலை என்பதும் புயல் நாளில் பாதிப் பொய். காற்று பலமானால் ஆபத்தைத் தவிர்க்க மின்வாரியமே மின்சாரத்தை நிறுத்துகிறது. தெருவில் தண்ணீர் வடியும்வரை திரும்பத் தருவதும் இல்லை. கைப்பேசி சிக்னலும் போய்விடுகிறது. அப்போது "ஆன்லைனில் இருங்கள்" என்ற உத்தரவு, சிக்னல் தேடி ஒருவரை மொட்டை மாடிக்கோ தெருவுக்கோ அனுப்பும் உத்தரவாகத்தான் முடியும்.

முன்னறிவிப்பு இல்லை என்றும் சொல்ல முடியாது. இந்திய வானிலை ஆய்வு மையம் குறைந்தது 48 மணி நேரம் முன்பு புயல் உஷார்நிலை தருகிறது, 24 மணி நேரம் முன்பு எச்சரிக்கை. நாம் சென்னைக்கு இரண்டரை மணி நேரம் முந்தியவர்கள். இங்கே மாலை ஆறு மணிக்கு நீங்கள் முடிவெடுத்தால் அங்கே மூன்றரைதான், அரிசி பால் வாங்கி வைக்கவும் வண்டியை மேட்டில் நிறுத்தவும் நேரம் இருக்கும். காலை ஒன்பதுக்கு ஆபீஸ் வந்து யோசிக்கத் தொடங்கினால் அங்கே ஆறரை, ஆள் பஸ் ஸ்டாப்பில் நிற்பார். காலமும் நமக்குத் தெரிந்ததே. சென்னைக்குப் பெருமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான். வர்தா புயல் 2016 டிசம்பர் 12, ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30. நமக்கோ அது ஆண்டுக் கணக்கு முடிக்கும் பருவம். புயலும் கணக்கு முடிப்பும் வருடா வருடம் மோதும் என்று தெரிந்தும், நான்கு நாள் இடைவெளி விட்டுத் திட்டம் போட நமக்கா தெரியாது?

ஹாங்காங்கும் வியாபாரத்தில் யாருக்கும் சளைத்த ஊர் இல்லை. அங்கே பலத்த புயல் காற்றுக்கான எட்டாம் எண் எச்சரிக்கைச் சமிக்ஞை ஏற்றினால் பெரும்பாலான அலுவலகங்கள் மூடிவிடும். 2018 செப்டம்பரில் மங்குட் புயல் அடித்த மறுநாள் மக்கள் விழுந்த மரங்களைத் தாண்டித் தாண்டி வேலைக்குப் போனார்கள். அதைப் பார்த்த பிறகு, புயல் கடந்தபின் வரும் நேரத்துக்கும் அங்கே வழிமுறை வகுத்தார்கள்.

நிறுத்தவே முடியாத வேலைகளும் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். மருத்துவமனைக்கான சேவை, வங்கியின் சர்வர். அப்படியானால் அந்தச் சில பேரை முந்தைய நாளே ஆபீஸ் பக்கத்து விடுதியில் தங்க வையுங்கள், இல்லையென்றால் வேலையை இங்கே மாற்றிக்கொள்ளுங்கள். 2020 ஏப்ரலில் சர்க்கிட் பிரேக்கர் என்ற கொரோனா கால முடக்கம் வந்தபோது எதை நிறுத்தலாம், எதை நிறுத்தக் கூடாது என்று நாலே நாளில் பிரித்தவர்கள்தானே நாம். ஆனால் மாத அறிக்கை அந்தப் பட்டியலில் வராது. எங்கள் அறிக்கை அன்று தாமதமானது. வாடிக்கையாளர் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

அப்புறம், காவலாளி, துப்புரவு அம்மா, கேப் ஓட்டுநர். இவர்கள் ஒப்பந்தக்காரரின் ஆட்கள், வராத நாளுக்குக் கூலி இல்லை. கதவை மூடும்போது இவர்களுக்கும் அந்த நாள் கூலி உண்டு என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். மூடிய கட்டடத்துக்கு வெளியே ஒருவர் நனைந்துகொண்டு நிற்கக் கூடாது.

அக்டோபருக்கு முன்பே உங்கள் சென்னைக் குழுவுக்கு அனுப்ப ஒரு செய்தியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். நான் எழுதி வைத்திருப்பது இது: "நாளை ஆபீஸ் கிடையாது. சம்பளம் உண்டு, லீவில் கழிக்க மாட்டோம். லேப்டாப்பைத் திறக்க வேண்டாம். பத்திரமாக இருப்பதாக, முடிந்தபோது ஒரு வரி மட்டும் போடுங்கள்." இதை அனுப்ப எனக்கு அதிகாரம் இல்லை. உங்களுக்கு இருக்கிறது.

இப்படிக்கு,
சிங்கப்பூரிலிருந்து ஒரு கணக்காளர்