கட்டுரையில் பெயர் வராதவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள அனைவருக்கும்,

வணக்கம். இந்த மாதத்தோடு ஆய்வகப் பணியிலிருந்து ஓய்வு பெறுகிறேன். பிரிவு உபசார விழாவில் பேசியவர்கள் எல்லாரும் என் கட்டுரைகளைப் பற்றியே பேசினார்கள். கேட்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் கட்டுரைகளில் பெயரே வராத பலர் பின்வரிசையில் உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குத்தான் இந்த மடல்.

முதல் நன்றி கண்ணாடிப் பிரிவுக்கு. நான் வளர்த்த படிகங்கள் பெரும்பாலும் உருகிய வெள்ளீயத்தில் கரைந்திருந்து, அது மெல்ல ஆறும்போது திரண்டு வருபவை. கலவையை அலுமினா மூசையில் (உருக்கும் கிண்ணத்தில்) போட்டு, குவார்ட்ஸ் குழாய்க்குள் வைத்து, காற்றை உறிஞ்சிவிட்டு, குழாயின் கழுத்தை உருக்கி மூட வேண்டும். சாதாரணக் கண்ணாடி உருகும் சூட்டுக்கெல்லாம் குவார்ட்ஸ் அசையாது; ஹைட்ரஜன், ஆக்சிஜன் கலந்த சுடர் வேண்டும். கழுத்து இளகியதும் வெளிக்காற்றின் அழுத்தமே அதை நெரித்துவிடும். எப்போது திருப்புவது, எப்போது சுடரை விலக்குவது என்பது கைக்குத்தான் தெரியும். ஊசிமுனையளவு ஓட்டை இருந்தாலும் போச்சு, நாள்கணக்கில் உலையில் கிடந்தபின் கிடைப்பது வெறும் ஆக்சைடு. எங்கள் கண்ணாடிக் கலைஞர் வேலையை முடித்ததும் கருப்புக் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே "சரி, எடுத்துட்டுப் போங்க" என்பார். எந்த இதழின் மதிப்பீட்டாளர் தந்த ஒப்புதலையும்விட எனக்கு அந்தச் 'சரி' பெரிது.

அப்புறம், படிகங்களை அளக்கும் கருவியைக் குளிர்விக்கத் திரவ ஹீலியம் நிரப்பும் ஆட்கள். திரவ ஹீலியம் 4.2 கெல்வினில், அதாவது சுமார் மைனஸ் 269 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். அது ஆவியாக மிகக் கொஞ்சம் வெப்பமே போதும். அவசரப்பட்டு ஊற்றினால் அத்தனையும் வாயுவாகப் போய்விடும்; நிதானமாக இறக்கினால், மேலெழும் குளிர்வாயுவே கருவியைக் குளிரவைத்துவிடும். மட்டம் பார்க்க எலக்ட்ரானிக் மானி இருந்தது. மூத்த தொழில்நுட்பருக்கு அதன்மேல் அவ்வளவு நம்பிக்கை கிடையாது. மேல்முனையில் ரப்பர் சவ்வு கட்டிய மெல்லிய குழாயை இறக்கி, சவ்வின்மேல் கட்டைவிரலை வைப்பார். அடிமுனை திரவத்துக்குள் இருக்கும்வரை துடிப்பு நிதானமாக இருக்கும். திரவத்தைவிட்டு மேலே வந்ததும் படபடக்கும். அதை வைத்தே மட்டத்தைச் சொல்லிவிடுவார். என் மாணவர்களுக்காக எத்தனையோ இரவுகள் வந்து நிரப்பிக் கொடுத்திருக்கிறார்.

இது எங்கள் ஆய்வகத்துக் கதை மட்டுமில்லை. நெதர்லாந்தின் லைடன் நகரில் இயற்பியலாளர் காமர்லிங் ஓனஸ் 1908-இல் ஹீலியத்தைத் திரவமாக்கினார். 1911-இல் அங்கேதான் பாதரசத்தில் மீக்கடத்தல், அதாவது கடுங்குளிரில் மின்தடையே இல்லாமல் போவது, தெரியவந்தது. குளிரூட்டும் கருவிகளைக் கட்டி ஓட்டியவர் ஃப்ளிம். கண்ணாடி வேலை கெஸ்ஸல்ரிங்குடையது. மின்தடையை அளந்தவர் ஹோல்ஸ்ட். கட்டுரை ஓனஸ் பெயரில் மட்டும் வந்தது. இன்று நிலைமை கொஞ்சம் தேவலை. ஜப்பானில் தனிகுச்சியும் வாதனாபேயும் உயர் அழுத்தத்தில் வளர்க்கும் போரான் நைட்ரைடு படிகங்களை நம்பித்தான் கிராஃபீன் என்ற ஓரணுத் தடிமன் கரித்தாளை ஆராயும் பல குழுக்கள் உலகெங்கும் இருக்கின்றன. கட்டுரைகளில் அவர்கள் பெயரும் ஆசிரியர் வரிசையில் வருகிறது. படிகம் கொடுத்தவரை அப்படிச் சேர்க்க இன்னும் சிலர் ஏன் தயங்குகிறார்களோ, எனக்குப் புரிந்ததேயில்லை.

என் மாணவர்களே, ஒரு மில்லிமீட்டர்கூடத் தேறாத படிகத்தில், முடியைவிட மெல்லிய தங்கக் கம்பிகள் நான்கை நுண்ணோக்கியின் கீழ் வெள்ளிப் பசையால் ஒட்டியவர்கள் நீங்கள். வெளிக்கம்பிகள் இரண்டில் மின்னோட்டம், உள்கம்பிகள் இரண்டில் மின்னழுத்தம். அப்போதுதான் ஒட்டிய இடத்துத் தடை கணக்கில் சேராது. வரைபடத்தில் மின்தடைக் கோடு சட்டென்று பூஜ்யத்துக்கு விழுந்தபோது கைதட்டல் எனக்குக் கிடைத்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு கம்பி ஒட்டியதெல்லாம் நீங்கள்தானே.

என் நெறியாளர் இப்போது இல்லை. அளவீடு விசித்திரமாக வந்தால் "முதல்ல கம்பியைப் பார், அப்புறம் கோட்பாட்டைப் பார்" என்பார். இதைவிட உபயோகமான பாடத்தை நான் எந்த வகுப்பிலும் கேட்டதில்லை. லேத் பட்டறை, பொருள் கிடங்கு, கணக்குப் பிரிவு நண்பர்களுக்கும், சாப்பாட்டு மேசையிலும் படிகங்களைப் பற்றியே கேட்டுச் சலித்த வீட்டாருக்கும் நன்றி.

மிச்சமிருக்கும் படிகங்களை உறைகளில் போட்டு, கலவை விகிதமும் குளிர்வித்த வேகமும் எழுதி அலமாரியில் வைத்திருக்கிறேன். வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள். குறிப்பேடுகளும் அங்கேயே இருக்கின்றன. கையெழுத்து புரியாவிட்டால் கூப்பிடுங்கள், வந்து படித்துக் காட்டுகிறேன்.

அன்புடனும் நன்றியுடனும்,
உங்கள் பழைய சக ஊழியன்