மேக்பெத்துக்கு வக்காலத்து வாங்காத

மாப்ள,

அம்மாவுக்கு கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது, பாப்பா நடக்க ஆரம்பிச்சுட்டா. சரி, இப்ப சண்டைக்கு வரேன். அன்னைக்கு போன்ல ஷேக்ஸ்பியர் நாடகத்தைப் பத்திப் பேசும்போது "மேக்பெத் நல்லவன்டா, அந்த மூணு சூனியக்காரிங்கதான் கெடுத்தாளுங்க"ன்னு சொல்லிட்டு டக்குனு வச்சிட்ட, எனக்கு மனசு ஆறல, மறுபடி எடுத்து முழுசா படிச்சிட்டேன்.

முதல் அங்கம் மூணாவது காட்சியை நீ பொறுமையா படி. ஒரு மாலுமி பொண்டாட்டி மடி நிறைய செஸ்ட்நட் கொட்டையை வச்சு மென்னுக்கிட்டே இருக்கா, சூனியக்காரி எனக்கும் குடுங்கிறா, "போடி சூனியக்காரி"ன்னு விரட்டிடறா. அந்தக் கோபத்துல, சிரியாவுல அலெப்போ ஊருக்குப் போயிருக்கிற அவ புருஷனைப் பழிவாங்க சல்லடையில ஏறி கடல்ல போறாளாம். போய் என்ன பண்ணுவா? தூங்கவிடாம வாட்டுவா, கப்பலைப் புயல்ல அலைக்கழிப்பா, ஆனா மூழ்கடிக்க முடியாதுன்னு அவளே சொல்றா. அவ்வளவுதான்டா அவங்க பவர்! மேக்பெத் கொன்னானே ராஜா டங்கன், அவரைக் கொல்லுன்னு ஒரு வரி சொன்னாங்களா? நீ ராஜா ஆவன்னாங்க, கொலைங்கிற நினைப்பு அவன் மண்டையிலதான் வருது. அவங்க அவனுக்குச் சொன்ன காடர் பிரபுங்கிற பட்டத்தைக்கூட முந்தின காட்சியிலயே டங்கன் குடுத்தாச்சு. பக்கத்துல நின்னு கேட்ட இன்னொரு தளபதி பாங்க்கோ யாரையாவது குத்தினானா?

அந்த சல்லடைதான் என்னை ரொம்பப் படுத்துது. ஸ்காட்லாந்து ராஜா ஜேம்ஸ் 1590ல டென்மார்க்ல இருந்து புதுப் பொண்டாட்டியோட திரும்பினாரு, வழியில புயல், அதுக்கு நார்த் பெரிக் சூனியக்காரிங்கதான் காரணம்னு கேஸ். அவங்க சல்லடையில கடலுக்குப் போனதா அப்பவே புஸ்தகம் அச்சடிச்சு வித்திருக்காங்க. ஆக்னஸ் சாம்ப்சன்னு ஒரு நாட்டு வைத்தியம் பாக்குற அம்மா, ராஜாவே உக்காந்து விசாரிச்சாரு, சித்திரவதை பண்ணி ஒத்துக்க வச்சு 1591ல கழுத்தை நெரிச்சு எரிச்சிட்டாங்க மாப்ள. அவரே 1597ல சூனியத்தைப் பத்தி புக் போட்டாரு, 1603ல இங்கிலாந்துக்கும் ராஜா ஆனாரு. அப்பேர்ப்பட்டவர் ஆட்சியில, 1606 வாக்குல வந்த நாடகத்துல சூனியக்காரியால ஒரு கப்பலைக் கவுக்க முடியல! ராஜா புயலுக்குப் பொம்பளைங்க மேல பழி போட்டாரு, நீ கொலைக்குப் போடுற.

சூனியக்காரிங்களோட தலைவி ஹெகேட் வர்ற இடத்தை மட்டும் சாட்சிக்கு இழுக்காத, அதை மிடில்டன்னு இன்னொரு நாடக ஆசிரியர் பின்னாடி சேர்த்ததாத்தான் நிறைய பேர் சொல்றாங்க. பொங்கலுக்கு வரும்போது புக்கைக் கொண்டு வரேன், பதிலை ரெடி பண்ணி வை.