அரிக்காவின் குழந்தைகள்

அன்புள்ள ஜெயா,

இங்கே எல்லோரும் நலம். அண்ணனுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று உன் மகள் சொன்னாள். கண்ணைக் கசக்க விடாதே. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் போடு. அவர் சொன்னால் கேட்கிறவர் இல்லை, நீதான் கண்டிப்பாக இருக்க வேண்டும். பேரன் குப்புற விழ ஆரம்பித்துவிட்டான். மருமகளுக்கும் உடம்பு தேறிவிட்டது.

போன வாரம் மகனுக்கு லீவு கிடைத்தது. சாந்தியாகோவிலிருந்து விமானம் ஏறி, சிலியின் வடகோடியில் பெரு எல்லையை ஒட்டியிருக்கும் அரிக்காவுக்குப் போய்வந்தோம். அங்கே பார்த்ததை யாரிடமாவது சொல்லாமல் இருக்க முடியவில்லை. லேபர் வார்டில் என்னோடு இருபது வருஷம் நின்றவள் நீ. உனக்குத்தான் இது முழுசாகப் புரியும்.

ஒரு பக்கம் பசிபிக் கடல், மறுபக்கம் அடகாமா பாலைவனம். 1903 அக்டோபரிலிருந்து 1918 ஜனவரி வரை அந்த ஊரில் மழையே பெய்யவில்லையாம். மண்ணில் உப்பும் சேர்ந்திருப்பதால், புதைத்த உடல் அழுகாமல் காய்ந்துவிடுகிறது. அச்சா என்ற இடத்தில் அப்படித் தானாகவே காய்ந்துபோன ஒரு மனிதரின் உடல் கிடைத்திருக்கிறது. வயது ஏறக்குறைய 9000 வருஷம்.

அந்தக் கடற்கரையில் வாழ்ந்தவர்களைச் சிஞ்சோரோ மக்கள் என்கிறார்கள். ஊரை ஒட்டிய ஒரு கடற்கரையின் பெயர் அது. மாக்ஸ் ஊலே என்ற ஜெர்மானிய ஆய்வாளர் 1910களின் கடைசியில் அங்கே வேலை செய்தபோது இவர்கள் வெளியுலகத்துக்குத் தெரிய வந்தார்கள். விவசாயம் இல்லை, மண்பானை இல்லை, உலோகம் இல்லை, ராஜா இல்லை. மீன், சிப்பி, கடல் சிங்கம், இவைதான் சாப்பாடு. தூண்டில் முள்ளைச் சிப்பி ஓட்டிலும் கள்ளி முள்ளிலும் செய்திருக்கிறார்கள். ஆண்கள் பலரின் காதுத் துவாரத்தில் எலும்பு வளர்ந்திருக்கிறது. குளிர்ந்த தண்ணீரில் வருஷக்கணக்காக முத்துக்குளிப்பவர்போல மூழ்கி எழுந்ததன் அடையாளம். இந்த எளிய மீனவர்கள்தான் எகிப்துக்கு ஏறக்குறைய 2000 வருஷம் முன்பே மம்மி செய்தவர்கள்.

ஊருக்குள்ளேயே கொலோன் 10 என்ற சின்ன மியூசியம் இருக்கிறது. 2004இல் ஒரு வீட்டை ஹோட்டலாக மாற்றத் தோண்டியபோது தரைக்கடியில் வரிசையாக உடல்கள். வெளியே எடுத்தால் உதிர்ந்துவிடும் என்பதால் தாராபாகா பல்கலைக்கழகம் அந்த இடத்தையே வாங்கி, மேலே கண்ணாடித் தளம் போட்டுவிட்டது. அந்தக் கண்ணாடி மேல் நடந்துதான் பார்க்க வேண்டும். எனக்குக் கால் வைக்க மனசு வரவில்லை. ஓரமாகவே நின்று பார்த்தேன். பெரியவர்களுக்குப் பக்கத்தில் சிறுபிள்ளைகள், மணலோடு மணலாக. அந்த ஊரில் எங்கே மண்வெட்டி போட்டாலும் இதுதான் கதை போலிருக்கிறது. 1983இல் மோர்ரோ குன்றின் அடிவாரத்தில் தண்ணீர்க் குழாய்க்குப் பள்ளம் தோண்டியபோது 96 உடல்கள் கிடைத்தன.

மறுநாள் அசாப்பா பள்ளத்தாக்கில் இருக்கும் பல்கலைக்கழக மியூசியத்துக்குப் போனோம். உனக்குப் பிணவறை என்றாலே ஆகாது, தெரியும். இருந்தாலும் இதைப் படி.

கருப்பு மம்மிகள் என்று ஒரு வகை. பழைய முறை அது. தலை, கை, கால் எல்லாவற்றையும் பிரித்து, தோலை உரித்து, சதையையும் உள்ளுறுப்புகளையும் மூளையையும் எடுத்துவிடுவார்கள். எலும்பைக் காயவைத்து, திரும்பவும் அதனதன் இடத்தில் வைத்து, முதுகுத்தண்டுக்கும் கை கால்களுக்கும் குச்சி கொடுத்து நாணல் கயிற்றால் கட்டுவார்கள். சாம்பலைக் குழைத்து உடம்பின் வடிவத்தைப் பூசி எழுப்பி, அதன்மேல் பழைய தோலைப் போர்த்துவார்கள். தோல் போதாத இடத்தில் கடல் சிங்கத்தின் தோல். முகத்துக்குக் களிமண் முகமூடி, தலைக்கு மனித முடியில் டோப்பா. கடைசியில் உடம்பு முழுக்க மாங்கனீசுக் கருப்பு. பின்னால் வந்த சிவப்பு மம்மிகளில் உடம்பை முழுதாகப் பிரிப்பதில்லை. கீறித் திறந்து, அடைத்து, தைத்துவிட்டுக் காவிச் சிவப்பு பூசினார்கள். அந்தத் தையலைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று ரொம்ப நேரம் பார்த்தேன். ஆபரேஷன் தியேட்டரில் எத்தனை தையல் பார்த்திருப்போம்! தெரிந்த கை போட்ட தையல், ஜெயா.

மிகப் பழைய மம்மிகள் யாருடையவை என்று நினைக்கிறாய்? தலைவர்கள் இல்லை, பூசாரிகள் இல்லை. அரிக்காவுக்குத் தெற்கே 100 கிலோமீட்டரில் கமரோனெஸ் ஆறு கடலில் சேரும் இடத்தில், ஏறக்குறைய 7000 வருஷத்துக்கு முந்தைய மம்மிகள் குழந்தைகளுடையவை. கருவிலேயே கலைந்த சிசுக்களைக்கூட விடவில்லை. நான் பார்த்த ஒன்று என் முழங்கை நீளம்கூட இல்லை. அதற்கும் முகமூடி, அதற்கும் கண், மூக்கு, லேசாகத் திறந்த வாய், அதற்கும் முடி.

நம் காலத்தில் இறந்து பிறந்த குழந்தையை என்ன செய்தோம்? துணியில் சுற்றி, தாய் கண்ணில் படாமல் தகப்பன் கையில் கொடுத்து அனுப்பினோம். பார்த்தால் மறக்க மாட்டாள், பார்க்காவிட்டால் மறந்துவிடுவாள் என்று நமக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். எத்தனை பேர் பெட்ஷீட்டைப் பிடித்துக்கொண்டு “ஒரு தடவை காட்டுங்க சிஸ்டர்” என்று கெஞ்சினார்கள்! அசாப்பாவில் அந்தக் குழந்தையின் முன்னால் நின்றபோது அந்தக் குரல்கள்தான் என் காதில் கேட்டன.

ஏன் குழந்தைகளிலிருந்து தொடங்கினார்கள் என்பதற்கு பெர்னார்டோ அர்ரியாசா என்ற ஆய்வாளர் ஒரு காரணம் சொல்கிறார். கமரோனெஸ் ஆற்று நீரில் லிட்டருக்குச் சுமார் 1000 மைக்ரோகிராம் ஆர்செனிக் என்ற நஞ்சு. உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வைத்திருக்கும் வரம்பு 10. நூறு மடங்கு! மம்மிகளின் முடியைச் சோதித்ததிலும் ஆர்செனிக் இருந்திருக்கிறது. அந்தத் தண்ணீரைக் குடித்த தாய்களுக்குக் கரு கலைவதும் குழந்தை இறந்து பிறப்பதும் அடிக்கடி நடந்திருக்கும், அந்தத் துக்கத்திலிருந்து இந்தப் பழக்கம் வந்திருக்கும் என்கிறார். இது நடக்கக்கூடியதுதான் என்பதற்கு நம் காலத்திலேயே சாட்சி இருக்கிறது. அதே வட சிலியில் அன்டோஃபகஸ்டா நகரத்துக்கு 1958இல் புதிதாகக் கொண்டுவந்த ஆற்று நீரில் ஆர்செனிக் 800 மைக்ரோகிராமுக்கும் மேல். 1970இல் சுத்திகரிப்பு நிலையம் வரும்வரை அதைத்தான் ஊரே குடித்தது. அந்த வருஷங்களில் இறந்து பிறந்த குழந்தைகளும் ஒரு வயதுக்குள் போன குழந்தைகளும் அங்கே கூடுதல்.

பாப்லோ மார்கெட் என்ற ஆய்வாளரும் அவரோடு வேலை செய்தவர்களும் 2012இல் வேறு மாதிரி சொன்னார்கள். பாலைவனத்தில் உடல் அழியாது. காற்று மணலை விலக்கினால் தாத்தாவின் முகம் அப்படியே தெரியும். தலைமுறை தலைமுறையாக இறந்தவர்களைக் கண்ணால் பார்த்துக்கொண்டே வாழ்ந்தவர்களுக்கு, அவர்களைத் தாங்களே பாதுகாக்கலாம் என்ற எண்ணம் வந்தது என்பது அவர்கள் கணக்கு.

எனக்கு இரண்டுமே வேண்டும் என்று தோன்றுகிறது. வறண்ட மண், உடலை வைத்துக்கொள்ள முடியும் என்று கற்றுக் கொடுத்தது. ஆறு, வைத்துக்கொள்ள வேண்டிய ஏக்கத்தைக் கொடுத்தது. ஆனால் ஒரு விஷயம் இந்த இரண்டிலும் அடங்கவில்லை. சில மம்மிகளுக்குப் பல தடவை வண்ணம் பூசியிருக்கிறார்கள். அப்படியென்றால் உடனே புதைக்கவில்லை, கொஞ்ச காலமாவது கூடவே வைத்திருந்தார்கள். பூச்சு உதிர்ந்தபோது யாரோ பார்த்து, மறுபடி பூசியிருக்கிறார்கள். அது தாய்தான் என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் அந்தக் கூட்டத்தில் யாரும் அவளை மறக்கச் சொல்லவில்லை என்பதை நான் உறுதியாக நம்புகிறேன்.

2021இல் யுனெஸ்கோ இந்த இடங்களை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. சந்தோஷம்தான். ஆனால் 7000 வருஷம் தாங்கிய உடல்கள் இப்போது கெட்டுக்கொண்டிருக்கின்றன. தோல் கருத்துக் கசிகிறது. ஹார்வர்டின் ரால்ஃப் மிட்செல் குழு சோதித்து 2015இல் சொன்னது, காற்றில் ஈரம் கூடியதால் சாதாரணமாகத் தோலில் இருக்கும் பாக்டீரியாவே பெருகித் தின்கிறது என்று. மியூசியத்துக்குள் ஈரத்தைக் கட்டுப்படுத்தலாம். இன்னும் மணலுக்கடியில் இருப்பவர்களுக்கு யார் என்ன செய்ய முடியும்? இதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வரவில்லை.

மகன் நிறையப் படம் எடுத்திருக்கிறான். வாட்ஸப்பில் அனுப்பச் சொல்கிறேன். குழந்தைகளின் படம் வேண்டாம் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடு, கடற்கரையும் குன்றும் மட்டும் அனுப்புவான். அப்புறம், செத்துப் பிறந்த குழந்தையை இப்போதெல்லாம் தாய் கையில் கொடுக்கிறார்களா என்று உன் மகளிடம் கேட்டு எழுது. அவள் வார்டில் என்ன வழக்கம் என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

அன்புடன்,
செல்வி